கடைத்தெருவில் தொங்கிய பெயர்

மூன்று வாரமாக இசைவாணி அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள்.

நாலு வருஷம் பிசியோதெரபி படித்து, ஆறு மாதம் பயிற்சி முடித்து, பதிவு எண்ணும் வாங்கியவள். இரண்டு வருஷமாகத் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் விழுந்தவர்களையும் முடங்கியவர்களையும் எழுப்பி நடக்கவைத்துக்கொண்டிருக்கிறாள். அரசு ஆஸ்பத்திரி வேலைக்கான தேர்வு எழுதி, பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஜெராக்ஸை நீட்டினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பரிதி வாரத்துக்கு ஒரு காரணம் சொன்னான். பீரோ சாவியைக் காணோம் என்றான். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், சாமானெல்லாம் மாறிக் கிடக்கிறது என்றான். போன வாரம், லேமினேஷனுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றான். அப்பா காத்தான் போன பிறகு அந்த வீட்டுக்கு அவன்தான் எல்லாம். அவன் சொன்னால் நம்புவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.

"வாணி, கேசுவாலிட்டிக்கு வா," என்று போனில் கூப்பிட்டாள் நர்ஸ் ஷமீரா. "உங்க ஊர்க்கார அம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க. உன்னப் பாத்தாத்தான் கால நீட்டுவேன்னு அடம் பிடிக்கிறாங்க."

வந்திருந்தது அம்சம். இசைவாணியின் அம்மா ரெங்கம்மாளோடு முப்பது வருஷம் ஒன்றாக நடவுக்குப் போனவள். எட்டு மாதத்துக்கு முன்னால் வேதாரண்யம் சாலையில் பைக் மோதி அம்சத்தின் வலது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். கம்பூன்றி நடந்துகொண்டிருந்தாள்.

இப்போது அந்தத் தொடையின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம்.

"என்ன சின்னம்மா இது?"

"ஒத்தடம் குடுத்தாங்க. சூடு கொஞ்சம் கூடிப்போச்சு போலருக்கு. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. வாணி இருக்குற ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போடான்னு மவனத் தொந்தரவு பண்ணி வந்தேன்."

"எங்க குடுத்தாங்க?"

"இது என்னடி கேள்வி, தெரியாதவ மாதிரி. திருத்துறைப்பூண்டியில உன் செண்டர்லதான். வாசல்ல பெருசா உன் பேரும் படமும் போட்டிருக்கு. நம்ம வாணி இடமாச்சேன்னு போனேன். வேற எவன் இடமா இருந்தாலும் போயிருப்பனா?"

அம்சம் ஜவுளிக்கடைப் பையைத் துழாவி ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அச்சடித்த சீட்டு. மேலே, 'டாக்டர் கா. இசைவாணி, பி.பி.டி.' அதற்குக் கீழே பதிவு எண். இசைவாணி அதை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். ஒன்றுகூட மாறவில்லை. சீட்டைத் திரும்ப அம்சத்தின் பையிலேயே வைத்தாள்.

வராந்தாவுக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"திருத்துறைப்பூண்டியில என் பேர்ல செண்டர் நடக்குதா அண்ணே?"

"வேலையா இருக்கேன். அப்புறம் பேசுறேன்," என்றான். மறுபடி அடித்தபோது போன் அணைந்திருந்தது.

எலும்பு டாக்டர் ஜெக்கரியா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். வெளியே வர மத்தியானம் ஆகும் என்றார்கள். சூட்டு ஒத்தடப் பை பட்ட கொப்புளம்தானே, மருந்து போட்டு வைத்தால் போதும் என்று இசைவாணியும் நினைத்தாள். ஷமீராவிடம் செண்டரையும் சீட்டையும் பற்றிச் சொல்லிவிட்டு, அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, மன்னார்குடி பஸ்ஸில் ஏறினாள். கண்ணால் பார்க்காமல் நம்ப முடியாது என்று இருந்தது.

வடுவூர் தாண்டும்போதுதான் அந்தக் கையெழுத்து ஞாபகத்துக்கு வந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் பரிதி ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து மூன்று தாள்களை நீட்டினான். அம்மாவின் விதவை பென்ஷன் மனு, வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றான். உள்ளே ஒரு நோயாளியைக் கம்பியைப் பிடித்து நிற்கவைத்துவிட்டு வந்திருந்தாள். சுவரில் தாளை வைத்து மூன்று இடத்திலும் போட்டுக்கொடுத்து ஓடினாள். படிக்கவில்லை.

திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் ஒரு உரக்கடைக்குப் பக்கத்தில் இருந்தது செண்டர். போர்டில் பட்டமளிப்பு விழாவன்று கறுப்பு அங்கியோடு எடுத்த அவள் படம். தன் முகத்துக்குக் கீழே நுழைந்து அவள் உள்ளே போனாள்.

நான்கு பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவளுடைய ஒரிஜினல் பட்டம் இருந்தது. சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அதற்கு அடியில், மேசைக்குப் பின்னால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு பரிதி உட்கார்ந்திருந்தான். மேசைமேல் பலகை. 'கா. பரிதி, மேலாளர்.'

அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் வாணி."

"எப்ப சொல்லுவ? யாராவது செத்தப்புறமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். புகழேந்தி. இடத்துக்குச் சொந்தக்காரன். எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் அட்டெண்டராக இருந்து, மெஷின் தள்ளித் தள்ளியே வைத்தியம் கற்றுக்கொண்டவன்.

"வாங்க டாக்டர், வாங்க," என்றான். "உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"அம்சத்துக்கு என்ன குடுத்தீங்க?"

"எந்த அம்சம்? ஓ, தொடை கேஸா. எல்லாருக்கும் குடுக்குறதுதான். கரண்ட் ஒத்தடம்."

"சூட்டுப் பை இல்லையா?"

"பையெல்லாம் பழைய காலங்க. நம்மகிட்ட ஷார்ட் வேவ் மெஷினே இருக்கு. இருபது நிமிஷம் வச்சேன். கொஞ்சம் எரியுதுன்னாங்க, எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு சொன்னேன்."

"உள்ள பிளேட் இருக்கான்னு கேட்டீங்களா?"

"என்ன பிளேட்டு?"

உடம்புக்குள் உலோகம் இருக்கிறதா என்று கேட்காமல் அந்த மெஷினைத் தொடக்கூடாது. எந்த மாணவியும் மறக்காத பாடம் அது. தோலில் தெரிவது கொஞ்சம்தான். உள்ளே உலோகம் சூடேறி, அதை ஒட்டிய சதை எலும்போடு வெந்துபோயிருக்கும்.

அங்கேயே ஷமீராவுக்குப் போன் போட்டாள்.

"டாக்டர் வந்து பாத்துட்டாரு வாணி. ஒண்ணும் பயமில்லன்னு சொல்லிட்டாரு. வீட்டுல செங்கல்லச் சுட வச்சுத் துணியில சுத்தி ஒத்தடம் குடுத்தாங்களாம். சாயந்தரம் வீட்டுக்கு அனுப்பிடலாம்னு எழுதிட்டாரு."

"யாரு சொன்னா செங்கல்லுன்னு?"

"அந்தம்மாவேதான். காலைல அவங்க மவன் போனுக்கு ஒரு கால் வந்துச்சு. அதுக்கப்புறம் பேச்சே மாறிப்போச்சு. உன் பேரு போட்ட சீட்டக்கூடக் காட்டல."

"அனுப்பாத ஷமீரா. மெஷின் வச்சிருக்காங்க. பிளேட்டச் சுத்தி உள்ள வெந்திருக்கும். டாக்டர்கிட்ட சொல்லு."

"மறுபடி தியேட்டருக்குள்ள போயிட்டாரு. வந்ததும் சொல்றேன். நீ சீக்கிரம் வா."

போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"அம்சத்துக்குப் போன் பண்ணது நீயா?"

"அம்மா."

ஒரே வார்த்தை. "அம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாம? தொறந்த அன்னிக்கு வெளக்கு ஏத்துனதே அம்மாதான்." பரிதியின் குரல் இப்போது தாழ்ந்து, கசந்து வந்தது. "இந்தக் கடைத்தெருவுல நம்ம தெரு ஆளு பேரு என்னிக்காவது போர்டுல இருந்திருக்கா? அம்மா வாரத்துல ரெண்டு நாள் எதிர்த்தாப்புல நின்னு பாத்துட்டுப் போவுது. உள்ளகூட வராது. பாத்துட்டுப் போயிடும்."

"அது என் சர்டிபிகேட் அண்ணே."

"உன்னுதா?" பரிதி சிரித்தான். "பிளஸ் டூவுல உன்ன விட நான் நெறைய மார்க். ஒருத்தரத்தான் படிக்கவைக்க முடியும்னு அப்பா சொன்னப்ப, அவ படிக்கட்டும்னு சொன்னது நானு. அறுவடை மெஷின் மேல உக்காந்து தூசி தின்னேன். மார்கழி வந்தா இன்னிக்கும் எனக்கு மூச்சு இளைக்கும். உன் பேரு போட்டிருக்கு அதுல, அவ்வளவுதான். அதுல பாதி என்னுது."

அது பொய்யில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. அவள் படித்த காலம் முழுக்க, ஹாஸ்டல் வாசலில் வந்து நின்ற பரிதியின் புருவத்தில்கூட நெல்தூசி இருக்கும். அவன் இவ்வளவு நாள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று சொல்வதற்கென்றே சேர்த்துவைத்திருந்தது போலச் சொன்னான்.

"பாதி உன்னுதுன்னா, அந்தக் காலும் பாதி உன்னுது," என்றாள் இசைவாணி. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

புகழேந்தி தடுக்கவில்லை. மேசை டிராயரைத் திறந்து மூன்று தாள்களின் ஜெராக்ஸை எடுத்து அவள் கண் மட்டத்துக்குப் பிடித்தான்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஆனா இதையும் ஒரு தடவ பாத்துக்குங்க. வைத்தியப் பொறுப்பு முழுக்க உங்களுதுன்னு ஒப்பந்தம். மூணு பக்கத்துலயும் உங்க கையெழுத்து. போலீசுன்னு போனா மொத ஆளு நீங்கதான் டாக்டர். நானு சும்மா கட்டடத்துக்காரன்."

விதவை பென்ஷன் மனு. இசைவாணி பரிதியைப் பார்த்தாள். பரிதி பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து, "இன்னிக்கு டாக்டர் இல்ல, நாளைக்கு வாங்க," என்றான்.

திரும்பி வரும் பஸ்ஸில் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மன்னார்குடியில் ஏறிய ஒரு பெண் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "நீதானா பாப்பா படிச்சது?" என்று கேட்டாள். இசைவாணி ஆமாம் என்று தலையாட்டினாள்.

நாலரை மணிக்கு வார்டுக்குள் நுழைந்தபோது ரெங்கம்மாள் அங்கே இருந்தாள். அம்சத்தின் கட்டில் ஓரம் உட்கார்ந்து, டம்ளரில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். பரிதி வழியில் அவளை ஏற்றிக்கொண்டு பைக்கிலேயே வந்துவிட்டான். வாசல் பக்கம் நின்றிருந்தான்.

இசைவாணி நேரே போய் அம்சத்தின் போர்வையை விலக்கினாள்.

"கால் கட்டைவிரல அசைங்க சின்னம்மா."

அசையவில்லை. கொப்புளத்தைச் சுற்றி விரலால் அழுத்தினாள். தோலுக்கு அடியில் சதை பலகை மாதிரி இறுகியிருந்தது. காலையில் இவ்வளவு இல்லை.

"செங்கல்லுதாண்டி சுட்டுச்சு," என்றாள் அம்சம், கேட்காமலேயே.

"நீங்க பொய் சொன்னா கால் போயிடும்."

"போனா போவுது. நட்டது போதும். அம்பத்தெட்டு வயசுல இந்தக் கால வச்சுக்கிட்டு நான் எங்க போவப்போறேன்? செவ்வாக்கெழம உனக்கு கவர்மெண்டு வேலன்னு உங்கம்மா சொன்னா. அத மொதல்ல வாங்கு."

"பேசாம இரு வாணி," என்றாள் ரெங்கம்மாள், டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவளே சொல்லிட்டா. நீ எதுக்கு வாயத் தொறக்குற?"

"அவங்க கால் உள்ளுக்குள்ள வெந்திருக்கும்மா."

"எனக்குத் தெரியாதா அவ கால? முப்பது வருஷம் பக்கத்துல நின்னிருக்கேன்." கஞ்சியை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "எனக்கு இருக்குறது ரெண்டு புள்ளைங்க."

டாக்டர் ஜெக்கரியா வந்தார். ஷமீரா சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

"பேஷண்ட் செங்கல்லுங்கிறாங்க. நீங்க மெஷினுங்கிறீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்சத்தின் தலையணைக்கு அடியிலிருந்த பையிலிருந்து இசைவாணி சீட்டை எடுத்துக் கொடுத்தாள். "மெஷின் இருக்குற இடம் என் பேர்ல இருக்கு சார். இன்னிக்குத்தான் பாத்தேன்."

அவர் சீட்டைப் படித்தார். காலைத் தொட்டுப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளினார். முகம் மாறிவிட்டது. அவளை வராந்தாவுக்குத் தனியாக அழைத்தார்.

"உடனே திறந்து பாக்கணும். பிளேட்டையும் எடுக்க வேண்டி வரலாம். ஆனா காரணம் எழுதாம நான் திறக்க முடியாது. எழுதினா போலீசுக்குத் தகவல் போகும். உங்க பதிவையே ரத்து பண்ணலாம். செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வெரிபிகேஷன்னு ஷமீரா சொன்னா. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கிற வரைக்கும் கால் தாங்குமா சார்?"

அவர் பேனாவைக் கொடுத்தார்.

இசைவாணி நின்றுகொண்டே எழுதினாள். இன்ன நாள், இன்ன இடத்தில், இன்ன மெஷின், இத்தனை நிமிஷம். பயிற்சிக் காலத்தில் நோட்டில் எழுதிப் பழகிய அதே வரிசை. கீழே கையெழுத்துப் போடும் முன் இந்த முறை முழுக்கப் படித்தாள்.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அம்சம் இசைவாணியின் பக்கம் திரும்பவில்லை. "உங்கம்மா மூஞ்சியில நான் எப்படிடி முழிப்பேன்," என்று கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

ஐந்தரைக்கு ஏட்டு வந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, நிதானமாகக் கேட்டார். பெயர், படிப்பு, பதிவு எண், ஒப்பந்தம். இசைவாணி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கையெழுத்து தன்னுடையதுதான், படிக்காமல் போட்டது என்றாள். அதையும் எழுதிக்கொண்டார். பென்ஷன் மனு என்று நினைத்துப் போட்டதாக அவள் சொன்னதை மட்டும் எழுதவில்லை.

"ஒரிஜினல் சர்டிபிகேட்ட அந்த ஆளுகிட்ட யாரு கொண்டுபோய்க் குடுத்தது?"

இசைவாணி வாயைத் திறந்தாள்.

"நான்தான்," என்றாள் ரெங்கம்மாள். சுவரோரம் நின்றவள் இரண்டடி முன்னால் வந்திருந்தாள். "பீரோவுலேருந்து எடுத்து, சீலையில சுத்தி, நான்தான் கொண்டுபோயி குடுத்தேன். எம் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. எழுதிக்குங்க."

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் புள்ளைக்கும்மா?"

ரெங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

இசைவாணி வார்டு வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லை சார், நான்தான் என்று சொன்னால், அந்தத் தூசி தின்ற வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து அவன் காலில் விழுந்திருப்பாள். உண்மையாகவே விழுந்திருப்பாள்.

பரிதி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். பைக் சாவியை எடுத்தான். அம்மாவையும் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. டீ குடிக்கப் போகிறவன் மாதிரி மெதுவாகப் படியிறங்கிப் போனான்.

கீழே பைக் உறுமும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கம்மா," என்றார் ஏட்டு. "உங்கம்மா சொல்றது சரிதானா? அப்படியே எழுதிடட்டுமா?"

"இல்ல சார்," என்றாள் இசைவாணி. "பரிதி. காத்தான் மகன் பரிதி. என் அண்ணன்."

ஏட்டு எழுதி முடிக்கும்வரை ரெங்கம்மாள் அசையாமல் நின்றாள். பிறகு மகளுக்கு நேரே வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்து இசைவாணி முகத்தை விலக்காமல் நின்றாள்.

ரெங்கம்மாள் கையை ஓங்கவில்லை.

"போயி புடிச்சுக் குடு," என்றாள். "வண்டியில பெட்ரோலு இல்லன்னு வர்றப்பவே சொன்னான். வடுவூர் தாண்ட மாட்டான்."